கரண்ட் இல்லாத முக்கால் மணி நேரம்

கம்பியூட்டர் பெட்டியை யாராவது திறந்தால் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஏதாவது பூட்டித் தர முடியுமா என்று கேட்டு இப்போது ஆட்கள் வருகிறார்கள். திருகோணமலையில் இதற்கு ஒரு தேவை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கடை வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர், பரிசோதனைக்கூடம் நடத்துபவர், யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: கரண்ட் போனால் அது என்ன செய்ய வேண்டும்? சிரிக்கிறார்கள். கரண்ட் போனால் எல்லாம்தான் நிற்கும், அதற்கென்ன என்கிறார்கள். அந்த ‘அதற்கென்ன’வுக்குப் பதில் ஒரு வாக்கியத்தில் வராததால்தான் இதை எழுதுகிறேன். நெடுநாளாக மனதுக்குள் கிடந்து உறுத்துகிற விஷயம்.

மத்திய வீதிப் பக்கம் ஒரு தனியார் கணினி வகுப்பு இருக்கிறது. மாடியில் ஏசி போட்ட நீள அறை, கீழே கடைகள். அங்குள்ள கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பகுதிநேர வேலை. எல்லாமே எங்கோ ஒரு நாட்டு அலுவலகத்தில் ஓடிக் களைத்துக் கொழும்பு வழியாக வந்து சேர்ந்த பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகள். வாங்கும்போது ஒவ்வொன்றிலும் 8 ஜிபி ரேம், அதாவது தற்காலிக நினைவகம், இருந்தது. ஒருநாள் ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒன்று, “சேர், இந்த மிசின் மட்டும் கனக்க இழுக்குது” என்றது. திறந்து பார்த்தால் உள்ளே 4 ஜிபி. பக்கத்துப் பெட்டியிலும் அப்படியே. யாரோ நிதானமாகக் கழற்றி எடுத்து, இடம் வெறுமையாகத் தெரியாமலிருக்கப் பழைய துண்டுகளைச் செருகியிருக்கிறார்கள்.

திறப்பு யாரிடம்

உரிமையாளரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசன். அவர் முதலில் கேட்டது, “திறப்பு யார் யாரிட்ட இருக்கு?” மூன்று பேரிடம். அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, விடிய ஆறு மணிக்கு வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போகிற அக்காவிடம் ஒன்று. சேர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் சந்தேகம் எந்தப் பக்கம் போய் நின்றது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திறப்பு வைத்திருந்த மூவரில் ரேம் என்றால் எது, அதன் இரண்டு பக்கத்துக் கொக்கியை எப்படி விலக்குவது, ஒன்றை எங்கே கொடுத்தால் காசாகும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் என்னைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

இதில் சேரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போலந்துக்காரரான கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோனா ருட்கோவ்ஸ்கா 2009இல் ஒரு தாக்குதலைச் செய்து காட்டினார். ஹார்ட் டிஸ்க்கை ட்ரூகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் போட்டு முழுக்கப் பூட்டிய லப்டொப்பை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். ஒருவர் சில நிமிடம் உள்ளே வந்து, யூஎஸ்பி குச்சியிலிருந்து அதை இயக்கி, பாஸ்வேர்டைப் பிடித்து வைக்கிற ஒரு சின்ன நிரலை நுழைத்துவிட்டுப் போகிறார். நீங்கள் திரும்பி வந்து பாஸ்வேர்ட் அடிக்கிறீர்கள். அவர் இரண்டாம் முறை வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறார். பாதுகாப்புத் துறையில் இன்றுவரை பாடமாகச் சொல்லப்படுகிற இந்தக் கதையிலும் அறைக்குள் வருகிற ஆள் யார் தெரியுமா? படுக்கை விரிக்க வருகிற பெண்தான். அந்த ஹோட்டலுக்கு முகாமையாளர் இருப்பார், மின்சாரம் பார்ப்பவர் இருப்பார், ஏசி திருத்துபவர் இருப்பார். கதைக்குள் வந்தது துப்புரவு செய்பவர்.

சரி, சந்தேகத்தைத் தீர்க்க ஏதாவது செய்வோம் என்று இறங்கினேன். இந்த டெல் பெட்டிகள் பலவற்றில் மூடிக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மூடியைக் கழற்றினால் அது வெளியே தள்ளிக்கொள்ளும். அடுத்த தடவை மிசினை ஓன் பண்ணும்போது ‘மூடி முன்பு கழற்றப்பட்டிருக்கிறது’ என்று திரையில் எச்சரிக்கை வந்து நிற்கும். மிசின் எழும்பும்போது முதலில் ஓடுகிற அடிப்படை நிரலான பயோஸுக்குள் போய் அதை ரீசெட் செய்யும்வரை போகாது. கொழும்பில் கைமாறும்போதே சில பெட்டிகளில் இந்தச் சுவிட்ச் காணாமல் போயிருந்தது. இருந்தவற்றிலும் அந்த வசதி பயோஸில் அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் ஓன் பண்ணி, பாஸ்வேர்டும் போட்டேன். ஆனால் அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை வரவில்லை. திறந்தார்கள் என்று மட்டும் சொல்கிறது, எப்போது என்று சொல்வதில்லை. எங்களுக்கு வேண்டியிருந்ததே நேரம்தான்.

நகப்பூச்சும் பூசினேன். 2013 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த கேயோஸ் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்களான எரிக் மிஷோ, ரயன் லக்கி இருவரும் சொன்ன வழி அது. மினுங்கும் துகள் கலந்த நகப்பூச்சை ஸ்க்ரூ தலையில் பூசிப் படம் எடுத்து வைத்தால், துகள்கள் விழுந்த கோலத்தை இரண்டாம் தடவை அதேபோல யாராலும் போட முடியாது. பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் குத்தும். 2021இல் ஜெர்மன் குழுவொன்று, பொருளைப் பெட்டிக்குள் வைத்து மேலே பருப்பும் நிறம் போட்ட அரிசியும் கொட்டிப் படம் எடுக்கிற முறையை எழுதியிருந்தது. அதை வீட்டில் சொன்னபோது, சாமான் விற்கிற விலையில் கம்பியூட்டருக்கும் பருப்பா என்று அம்மா கேட்டா. எப்படியிருந்தாலும் இவையும் நேரம் சொல்லாதவை.

இருட்டுப் பெட்டிக்குள் இருட்டு இல்லை

நேரம் சொல்ல வேண்டுமென்றால் விழித்திருக்கிற ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். இந்த யோசனையைப் பரவலாக்கியது 2017 டிசம்பரில் வந்த ஹேவன் என்ற செயலி. கார்டியன் புரொஜெக்ட்டும், எட்வர்ட் ஸ்னோடன் சார்ந்திருந்த ஃப்ரீடம் ஒஃப் த பிரஸ் அமைப்பும் சேர்ந்து செய்தது. பழைய ஆண்ட்ராய்ட் போன் ஒன்றை லப்டொப்பின் மேல் வைத்துவிட்டுப் போனால், போனில் ஏற்கெனவே இருக்கிற அசைவுச் சென்சர், மைக், கேமரா, ஒளிச் சென்சர் எல்லாவற்றையும் காவலுக்கு வைத்துவிடும். அசைந்தாலோ வெளிச்சம் மாறினாலோ சார்ஜர் கழன்றாலோ உங்களுக்குச் செய்தி வரும். வகுப்பறையில் பெட்டிக்கொரு போன் வைக்க முடியாதே. அதனால் வைஃபை உள்ள ஈ.எஸ்.பி.32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓர் ஒளிச் சென்சர், எம்.பி.யு.6050 அசைவுச் சென்சர், பி.எம்.பி.280 அழுத்தமானி, டி.எஸ்.18பி20 வெப்பமானி ஆகியவற்றைப் பூட்டினேன். அப்படிச் செய்தவற்றைச் சில பெட்டிகளுக்குள் வைத்தேன். அவை ஓடியது மதர்போர்டின் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில், அதாவது மிசின் அணைந்திருந்தாலும் சுவரில் கரண்ட் உள்ளவரை வருகிற மின்சாரத்தில். வந்த அளவுகளை மூலையில் கிடந்த பழைய லப்டொப் ஒன்று லொக்காக, அதாவது பதிவேடாக, எழுதி வைத்துக்கொண்டது.

வெளிச்சம் விழுந்தால் திறந்திருக்கிறது, விழாவிட்டால் மூடியிருக்கிறது என்று நினைப்போம். மூடிய கேசிங்குக்குள் இருட்டு கிடையாது. மதர்போர்டில் ஒரு ஸ்டாண்ட்பை விளக்கு எப்போதும் எரிகிறது. நெட்வொர்க் துவாரத்துப் பச்சை விளக்கு மினுங்கி மினுங்கி உள்ளேயும் கசிகிறது. அறையின் கிழக்கு யன்னலால் விடிய வருகிற வெயில் முன்பக்கக் கம்பி வலையூடாகச் சின்னச் சின்னப் புள்ளியாக உள்ளே விழுந்து, மெதுவாக நகர்ந்து, எட்டு மணியளவில் மறைகிறது. இதெல்லாம் சென்சருக்குத் தெரிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஈ.எஸ்.பி.32 மின்னழுத்தம் பூச்சியத்துக்குக் கிட்டப் போனால் அளக்கத் தெரியாமல் நிற்கும். இருட்டைப் பூச்சியமாக வைத்தால் கொஞ்ச இருட்டும் கும்மிருட்டும் அதற்கு ஒன்றுதான். அளவுகோலின் நடுப்பகுதியில் இருட்டு வந்து உட்காருகிற மாதிரி ரெசிஸ்டரை மாற்றிப் போட்ட பிறகுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒழுங்காகத் தெரிந்தது. பல்லி ஒன்று சென்சருக்கு முன்னால் குடியேறியிருந்ததுகூடத் தெரிந்தது.

அசைவுச் சென்சர் தன் பாட்டில் ஊர்க் கதை முழுக்கச் சொன்னது. துறைமுகப் பக்கம் போகிற லொறிக்கு ஒரு துடிப்பு. பிள்ளைகள் மேசைக்கடியில் கால் ஆட்டுவதற்கு ஒரு துடிப்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சட்டர் கதவு இரவு முழுக்க ஆடுகிற ஆட்டம். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்த இரவு, வீதியில் தவில் போன நேரத்தை லொக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். எச்சரிக்கை எல்லையை இறுக்கிப் பிடித்தால் போன் விடிய விடிய அலறும். தளர்த்தினால் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் பேசாமல் இருக்கும்.

எனக்குப் பிடித்தது அழுத்தமானிதான். அடைத்த ஏசி அறையில் கதவைத் திறந்தால் காற்றழுத்தம் ஒரு கணம் சில பாஸ்கல் அளவுக்குத் துள்ளும். பி.எம்.பி.280க்கு அது பிடிபடும். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன் இன்னொன்றைக் கழிக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்களைப் போன்ற இடங்களில் காற்றழுத்தம் நாளொன்றுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் ஓர் உச்சம், இரவு பத்தளவில் இன்னொன்று. பின்னேரம் நாலு மணிக்கும் விடிய நாலு மணிக்கும் பள்ளம். வெயில் மேல்வளியைச் சூடாக்குவதால் வருகிற அலை இது. ஏற்ற இறக்கம் சில ஹெக்டோபாஸ்கல் இருக்கும், அதாவது சில நூறு பாஸ்கல். கதவுத் துள்ளலைப் போலப் பல மடங்கு. வரைபடத்தைத் திரையில் விட்டுப் பார்த்தபோது, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் தலைக்கு மேலே இப்படி ஒரு வற்றுப்பெருக்கு ஓடுவது இவ்வளவு காலமும் தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது. இது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விஷயம். ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

இந்தத் துறையில் இப்போது எட்டியிருக்கிற தூரம் வேறு. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்து ஆய்வாளர்கள் 2022இல் காட்டிய முறையில் பெட்டிக்குள் ரேடியோ அலையை விட்டு அது எப்படி எதிரொலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசி ஒன்று 16 மில்லிமீற்றர் உள்ளே போனாலும் எதிரொலி மாறிப் பிடிபட்டுவிடும். அவர்களுக்கும் சூடும் குளிரும் மின்விசிறியும்தான் தலையிடி. எந்தச் சென்சரானாலும் முதல் வேலை திருடனைத் தேடுவதில்லை. அந்த அறையின் வழமையைப் படிப்பதுதான்.

இதற்கெல்லாம் ஒரு பற்றரி வேண்டும் என்று சேரிடம் முதலே கேட்டிருந்தேன். “பிறகு பார்ப்பம் தம்பி” என்றார். அறையில் ஒரு யூபிஎஸ் இருந்தது, பெயருக்கு. ஈய பற்றரிக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். ஏசி அணைத்த பிறகு அந்த அறை என்ன சூட்டில் இருக்கும் என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த யூபிஎஸ் கரண்ட் போனதும் ஒரு தடவை கீச்சிட்டுவிட்டுத் தானும் போய்விடும்.

இடைவெளி

சென்சர் வைத்த பெட்டிகளில் ஒன்றிலும் ரேம் குறைந்திருப்பது பிறகு தெரியவந்தது. சேரும் நானும் லொக்கைத் திறந்துகொண்டு இருந்தோம். அந்தப் பெட்டிக்கு அந்த வாரத்தில் குறிப்பிட்டுச் சொல்லக்கூடியவை இரண்டே இரண்டு. செவ்வாய் பின்னேரம் உள்ளே வெளிச்சம் சட்டென்று ஏறியது, பெட்டி அசைந்தது, வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்கு இறங்கியது. இருபது நிமிடம் அப்படியே இருந்து பிறகு பழையபடி இருட்டு. அது சர்வீஸுக்கு வந்தவர். மிசின் தந்த கடை, ஒப்பந்தப்படி தூசு ஊதவும் மின்விசிறி பார்க்கவும் அனுப்பிய ஆள். சேரே கூப்பிட்டு, சேரே பயோஸ் பாஸ்வேர்டையும் கொடுத்து, வேலை முடிந்ததும் மூடிச் சுவிட்ச்சின் எச்சரிக்கையை ரீசெட் செய்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். அவரும் செய்துவிட்டுத்தான் போயிருந்தார்.

இரண்டாவது, வெள்ளி விடிய. ஆறு பத்துக்கு எல்லாக் கோடும் நின்றுபோகிறது. ஆறு ஐம்பத்தைந்துக்குத் திரும்ப ஆரம்பிக்கிறது. இடையில் வெறும் வெள்ளைத் திரை. அக்கா வேலை செய்கிற நேரம்.

“இந்த நேரத்தில என்ன நடந்தது எண்டு உங்கட மிசின் சொல்லுதா?” சேர் கேட்டார்.

“ஒண்டும் சொல்லல்ல சேர். கரண்ட் இல்ல.”

“அப்ப அதுதான்.”

கரண்ட் போனது எங்கள் கட்டடத்தில் மட்டுமில்லை, வீதி முழுக்க. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் கூட மின்வெட்டைப் பார்த்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கு தீவு முழுவதையும் இருட்டாக்கியது என்று அமைச்சரே சொன்ன நாடு. விடியப்புறம் முக்கால் மணி நேரம் கரண்ட் போவது இங்கே செய்தியே இல்லை. இருந்தாலும் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கும் ஒரு கணம் அதற்குள் ஓர் ஆள் குனிந்து நிற்பது போலத்தான் பட்டது. ஒன்றும் எழுதப்படாத இடத்தில் நாம் நினைத்ததை எழுதிக்கொள்ள எவ்வளவு வசதி!

எனக்கு அந்த நேரம் ஐபிஎம் 4758 ஞாபகம் வந்தது. வங்கிகளின் இரகசியச் சாவிகளை, அதாவது தரவைப் பூட்டித் திறக்கிற எண்களை, பாதுகாக்க ஐபிஎம் செய்த அட்டை அது. 1998இல் அமெரிக்க அரசின் எஃப்.ஐ.பி.எஸ். 140-1 தரத்தில் நாலாம் படி, அதாவது ஆக உயர்ந்த படி, பெற்றது. அதன் உட்பகுதியைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. துளைத்தால் வலை அறும். மின்னழுத்தம், வெப்பநிலை, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் சென்சர். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால்கூடத் தன் சாவிகளைத் தானே அழித்துவிடும். குளிருக்கு ஏன் இந்தப் பயம் என்று கேட்டால், நினைவகத்தைக் குளிரவைத்தால் மின்சாரம் போன பிறகும் அதில் உள்ளது கொஞ்ச நேரம் அழியாமல் நிற்கும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண ரேமில் இதைக் காட்டினார்கள். தூசு ஊதுகிற காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடித்து, மைனஸ் 50 பாகைக்குக் குளிர்த்தி, ரேமைக் கழற்றி வேறு மிசினில் போட்டுப் பூட்டுச் சாவியைப் படித்தார்கள்.

அந்த அட்டைக்குள் பற்றரி இருக்கும். சென்சர்கள் எப்போதும் அதில் விழித்திருக்கும். பற்றரியைக் கழற்றினாலோ? அதுவும் தாக்குதல்தான். சாவி அழிந்துவிடும். கடையில் நாம் கார்ட் போடுகிற மிசினும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. திறந்தாலும், உள்ளே காவலுக்கு இருக்கிற பற்றரி செத்தாலும், இரகசியம் அழிந்து மிசின் வேலைக்கு ஆகாமல் போகும். காவல் இல்லாத ஒரு நொடியையும் குற்றம் நடந்த நொடியாக எடுத்துக்கொள் என்பதே இந்தப் பொறிகளின் சட்டம். பொறிக்கு அது சரியான சட்டம். வீணாக அழிந்தது சாவி என்றால் புதிதாக ஒன்றைப் போடலாம். அதனால் ஒருவருக்கும் முகம் சுருங்காது.

சேர் அந்தச் சட்டத்தைத்தான் தூக்கி ஓர் ஆளின் மேல் போட்டார். அவருக்கு 4758 பற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நேரத்துக்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால் அந்த நேரம் எப்படி வாசிக்கப்படும் என்பதை, சோதனைச்சாவடிகள் இருந்த காலத்தில் இந்த ஊரில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேருக்கும்தான். அவரும் அதே வரிசையில் நின்றவர். அதுதான் எனக்கு அன்றைக்குத் தாங்கவில்லை.

நாணயம் அளவு பற்றரி

வெப்பநிலையை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்று பார்த்தேன். முடியாது. இரவு முழுக்க அணைந்து கிடந்த பெட்டிக்குள்ளும் வெளியிலும் விடியப்புறம் ஒரே சூடு. மூடியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒன்றுதான். அழுத்தமும் விட்ட இடத்திலிருந்து அதன் பத்து மணி உச்சத்தை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது. என் சென்சர்கள் எல்லாவற்றுக்கும் அந்த முக்கால் மணி நேரம் இல்லாத நேரம்.

அப்புறம்தான் அந்த மூடிச் சுவிட்ச் ஞாபகம் வந்தது. நான் மதிக்காத, நேரம் சொல்லத் தெரியாத சுவிட்ச். அதன் கம்பி போய்ச் சேர்வது இன்டெல் சிப்செட்டில் இதற்கென்றே இருக்கிற ஒரு முனைக்கு. அந்த முனையும், திறந்ததை ஞாபகம் வைக்கிற ஒற்றை பிட்டும், மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கிற நாணயப் பற்றரியிலிருந்தே சக்தி எடுக்கின்றன. சிஆர்2032, எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். சுவரில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு கணக்கே இல்லை. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் திறந்தாலும் குறித்துக்கொள்ளும்.

பெட்டியை ஓன் பண்ணினேன். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. பயோஸுக்குள் போய்ப் பார்த்தேன். திறக்கப்படவில்லை. இது செத்த சுவிட்ச்சாக இருந்துவிடக் கூடாதே என்று சேரின் கண்முன்னால் பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து மூடி, திரும்ப ஓன் பண்ணிக் காட்டினேன். உடனே எச்சரிக்கை. ஆக, செவ்வாய் சர்வீஸ்காரர் ரீசெட் செய்துவிட்டுப் போனதிலிருந்து இன்று நான் தொடும்வரை இந்த மூடி கழரவில்லை. வெள்ளி விடிய யாரும் திறக்கவில்லை. மூடியைத் திறந்த ஒருவர் அந்த அடையாளத்தை அழிக்க வேண்டுமானால் பாஸ்வேர்ட் வேண்டும். அது தெரிந்தவர்கள் சேர், சர்வீஸ்காரர், நான். “இதை வச்சுப் பார்த்தா என்னையும் யோசிக்கலாம் சேர்” என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மிச்சமிருப்பது செவ்வாய் பின்னேரத்து இருபது நிமிடம். முழு வெளிச்சத்தில், நாலு சென்சரும் விழித்திருக்க, ஒவ்வொரு நொடியும் எழுதப்பட்ட இருபது நிமிடம். அதைப் பார்த்து யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏனென்றால் அது அனுமதியோடு திறந்தது. சென்சர் மூடி திறந்ததைச் சொல்லும். திறந்த கை தூசு ஊதியதா, ரேமை மாற்றியதா என்று அதற்குத் தெரியாது. அந்த ஆள்தான் எடுத்தார் என்று நான் எழுதமாட்டேன். சோதிக்கக் கழற்றி மாற்றிப் போட்டிருக்கலாம், அவரிடம் ஒரு விளக்கம் இருக்கலாம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. “விடுங்க தம்பி, கடைக்காரரோட எதுக்கு மனஸ்தாபம்” என்று சேர் முடித்துவிட்டார். ரேம் புதிதாக வாங்கினோம். ஒப்பந்தம் முடிய வேறு கடைக்கு மாறினோம்.

அக்காவிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆனால் இந்த ஊரில் சொல்லாமல் விடுவது போய்ச் சேராமல் இருக்காது. ஒருநாள் திறப்பைத் தானாகவே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, “சேர் வந்த பிறகே நான் வாறன்” என்றா. பெட்டி திறக்கப்படவில்லை என்பது தெளிவான பிறகுதான் இது நடந்தது. லொக்கை அவவிடம் காட்டி விளக்கலாமா என்று யோசித்தேன். இப்படி நிரூபித்துவிட்டோம் என்று சொன்னாலே, நிரூபிக்க வேண்டியிருந்தது என்றுதானே அர்த்தம்? காட்டவில்லை.

இப்போது நான் செய்வது

தொழில் பக்கம் சில மாற்றங்கள் வந்தன. பற்றரி இல்லாமல் இப்போது ஒரு சென்சரும் வைப்பதில்லை. ஒளிச் சென்சர் விழித்திருக்கப் பெரிய சக்தி வேண்டாம். ஈ.எஸ்.பி.32ஐ உறங்கவிட்டு, வெளிச்சம் பட்டால் மட்டும் எழும்ப வைத்தால் சின்னப் பற்றரியிலேயே நீண்ட நாள் ஓடும். அந்த உறக்கத்திலும் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை எழும்பி, ‘இருக்கிறேன், ஒன்றும் இல்லை’ என்று எழுத வேண்டும். முன்பு காவல்காரர்கள் மணிக்கு மணி தண்டவாளத் துண்டில் தட்டி ஓசை எழுப்புவார்களே, அதே வேலை. ஓசை கேட்காத மணி நேரத்தில் களவு போயிருக்கலாம், காவல்காரர் தூங்கியும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. அதனால் லொக்கில் மூன்று நிறம் வைத்திருக்கிறேன்: திறந்தது சிவப்பு, திறக்காதது பச்சை, தெரியாதது சாம்பல். சாம்பலைச் சிவப்போடு சேர்த்து எண்ணுகிற அறிக்கை எதையும் நான் எழுதிக் கொடுப்பதில்லை. கேட்டிருக்கிறார்கள்.

அனுமதியோடு திறக்கும்போதும் கணக்கு வேண்டும். திறக்க முன் ஒரு படம், மூடமுன் ஒரு படம், ரேமிலும் டிஸ்க்கிலும் உள்ள தொடர் இலக்கம் ஒரு கொப்பியில். சர்வீஸுக்கு வருபவரும் அதில் கையெழுத்து வைப்பார். இதற்கு ஒரு சென்சரும் தேவையில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், இதுவரை யாரும் கையெழுத்துப் போட மறுத்ததில்லை. நல்ல வேலைக்காரர்களுக்கு அது தங்களுக்கும் பாதுகாப்பு என்று தெரியும்.

போன மாதம் உப்புவெளிப் பக்கம் தங்குவிடுதி வைத்திருக்கிற கூட்டாளி ஒருவன் வந்தான். அலுவலக லப்டொப்பை யாரோ தொடுகிறார்களாம். அறை துடைக்கிற பிள்ளைகளில் ஒருத்தியாக இருக்கும் என்று அவனே முடிவும் சொன்னான். செய்து தருகிறேன், ஆனால் இரண்டு விஷயம் என்றேன். பற்றரிக்குக் காசு தர வேண்டும், பிறகு பார்ப்போம் என்ற கதை வேண்டாம். சென்சர் இருக்கிறது என்று சுவரில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும். பதிவு முகாமையாளருக்கும் உன் மச்சானுக்கும் சேர்த்துத்தான், யார் தொட்டாலும் லொக்கில் விழும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“மச்சானையுமா?”

“லப்டொப்புக்கு யார் மச்சான் எண்டு தெரியாது மச்சி.”

பிறகு சொல்கிறேன் என்று போனான். இன்னும் சொல்லவில்லை.